அடைப்புக்குறிக்குள் போன படங்கள்

மருத்துவமனைக் கணினி அறையில் அவளுக்கு ‘மூணு தடவை’ என்று பட்டப்பெயர். எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் கையைவிட்டு அனுப்ப மாட்டாள். பதினோரு வருடத்தில் ஒருவரும் அவளிடம் பிழை கண்டதில்லை. வீட்டில் மூத்தவர்கள் அதைச் சொல்லியே மார்தட்டிக்கொள்வார்கள்.

ஸ்கேன் படங்கள் சேரும் வட்டு நிரம்பி வழிந்தது. ஐந்து ஆண்டுக்கு முந்தைய படங்களை மட்டும் அழிக்கச் சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். அழிக்கும் கட்டளைக்கு இரண்டு விவரம் வேண்டும்: எந்தக் கோப்புறை, எத்தனை நாள். இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்து நடுவில் காற்புள்ளி போட்டாள். அவள் பழகிய மொழிகளில் அப்படித்தான். இந்த மொழியிலோ வெறும் இடைவெளிதான் விட வேண்டும்; அடைப்புக்குறி போட்டால் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி முதல் விவரமாக எடுத்துக்கொள்ளும். நாளுக்கான இடம் காலி. காலி என்றால் பூஜ்யம். பூஜ்யம் நாளுக்கு முந்தையவை என்றால் இருப்பவை எல்லாமே.

சோதிக்காமல் இல்லை. புதுப் படங்களைத் தொடப் பயந்து, ஆறேழு வருடப் பழையவற்றையே நகலெடுத்து மூன்று முறை சோதித்தாள். எல்லாம் அழிந்தன. அழிய வேண்டியவைதானே என்று நிம்மதியாகி, ஞாயிறு இரவு அசல் வட்டில் நிரலை ஓடவிட்டாள்.

திங்கள் காலை ஸ்கேன் அறையிலிருந்து போன்.

“அக்கா, ஒருத்தர் படமும் வரமாட்டேங்குது. பட்டியலே காலியா நிக்குது.”

நகல் வட்டைத் திறந்தாள். மூலத்தைப் பார்த்துத் தன்னையும் மாற்றிக்கொள்ளும் வட்டு அது. அதுவும் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. நிரலை வரிவரியாகப் படித்து அந்த அடைப்புக்குறியில் வந்து நின்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டுப் பிரிவுத் தலைவர் கதவைச் சாத்தினார். “வட்டு படுத்துடுச்சுன்னு எழுதிடும்மா. மீட்க அனுப்பியிருக்கோம்னு சொல்லுவோம். ரெண்டு மாசத்துல அவங்களே மறந்துடுவாங்க.”

“மீட்க முடியாது சார். வரும்னு நம்பி டாக்டருங்க காத்திருப்பாங்களே?”

“உன்ன யாரு கேட்டா? வாயை மூடிக்கிட்டு இருந்தா வேலையாவது மிஞ்சும்.”

அவள் படியேறி நுரையீரல் மருத்துவரின் அறைக்குப் போனாள். எதிரே ஒரு பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று எடுத்த புதுப் படத்தில் ஓட்டுநரின் நுரையீரலில் ஒரு புள்ளி. போன வருடப் படத்திலும் அதே அளவு என்றால் விட்டுவிடலாம். வளர்ந்திருந்தால் அறுக்க வேண்டும். அந்தப் படத்துக்காகத்தான் மருத்துவர் காத்திருந்தார்.

“அது இனி வராது டாக்டர். நான்தான் அழிச்சுட்டேன்.”

மருத்துவர் பேனாவை மூடினார். “மூணு மாசம் பொறுத்து மறுபடி எடுத்துப் பாக்கலாம். ஆனா வளர்ற கட்டின்னா அதுக்குள்ள கைமீறிடும்.”

“பொறுக்கறதெல்லாம் வேணாம். அறுத்து எடுத்துடுங்க,” என்றார் ஓட்டுநரின் மனைவி.

அறுத்து எடுத்தார்கள். எப்போதோ வந்து ஆறிப்போன வெறும் தழும்பு அது.

வேலை போன மறுவாரம் அவள் வார்டுக்குப் போனாள். தலையணையில் சாய்ந்திருந்த ஓட்டுநர் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, அந்தப் படம் இருந்திருந்தா இவர அறுத்திருக்க வேண்டாம்ல?”

“வேண்டாம்க்கா.”

அந்த அம்மாள் திரும்பிக் கணவரின் போர்வையை இழுத்துவிட்டார். அவளை உட்காரச் சொல்லவில்லை.