பதக்கம் கேட்ட மனுவில் என் வீட்டுக்காரர் பெயர்

இதை வாசிக்கும் உறவுக்காரர்களும் அண்ணனின் சேக்காளிகளும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடுதாசி எழுதியே பல வருஷம் ஆகிறது. அண்ணன் மகன் நோட்டைக் கொண்டுவந்து வைத்து, "அத்தே, அப்பா நெனவு மலருக்கு நீங்களும் ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்று சொன்னபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு யோசித்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மறதி அதிகம். முன்பின்னாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அண்ணன் தூத்துக்குடி கடற்கரையில், மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் பிறந்தார். அப்பா வாந்திபேதியில் போனபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. அம்மா பனைநாரில் கயிறு திரித்துக் கடைகளுக்குப் போடுவாள். அந்தக் கயிற்றில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அண்ணன் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொண்டு, யுத்தகாலத்தில் கப்பற்படையில் சேர்ந்தார். கடலில் போட்டிருக்கும் வெடிகளை வாரி எடுக்கும் கப்பல். பர்மா பக்கம் இருந்ததாகச் சொல்வார். அதற்கு மேல் கேட்டால், "தண்ணிதான் ஏளா, எல்லா எடத்துலயும் தண்ணிதான்" என்று முடித்துவிடுவார்.

யுத்தம் முடிந்து வந்து எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர், கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர். எங்கள் பக்கத்தில் குளிக்கிறவருக்கு மேலே இருந்து கயிறு பிடிப்பது அவர் பெண்சாதியின் கூடப்பிறந்தவன்தான். தங்கை தாலியை நினைத்துக் கை அசராமல் இருப்பான் என்பதற்காக அப்படி. அண்ணனும் அந்த வழக்கத்தைத் தவறவில்லை. சரக்குக் கொண்டுபோகும் கொழும்புத் தோணியில் வேலைக்குப் போகாத மாதங்களில், என் வீட்டுக்காரர் முங்கும்போது கயிறு அண்ணன் கையில்தான் இருக்கும். நான் அடுப்படியில் பயமில்லாமல் இருப்பேன்.

புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்களில்தான் இந்தச் சங்கதி தொடங்கியது. குடியரசு நாளுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பழைய படைக்காரர்களை உட்காரவைத்து மாலை போட்டார்கள். அண்ணனும் வெள்ளைச் சட்டை போட்டுப் போனார். முன்வரிசை நாற்காலி பதக்கம் குத்தியவர்களுக்கு மட்டும் என்று சொல்லி அவரைப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். அங்கே நின்ற ஒருவன், "ஏலே, அண்ணாச்சி எந்தச் சண்டைக்குப் போனாவ? கொழும்புத் தோணியில வெங்காயம் ஏத்துன சண்டைக்கா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையை மடித்து வைத்துவிட்டு அன்று சாப்பிடவில்லை என்று மதினி வந்து சொன்னாள்.

அண்ணனுக்கு நாலு பதக்கம் உண்டாம். ஒன்றுகூட வரவில்லை. டைப் அடிக்கும் கடையில் இங்கிலீஷில் மனு அடித்து, ரெக்கார்டைத் திருத்திப் பதக்கத்தை அனுப்ப வேண்டும் என்று பம்பாயில் இருந்த கப்பற்படை ஆபீசுக்குப் போட்டார். எந்த மனுப் போட்டாலும் கார்பன் நகல் ஒன்று எடுத்துத் தகரப்பெட்டியில் வைப்பார். அவர் ஒழுங்கு அப்படி.

ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. பதக்கங்கள் முன்பே தபாலில் அனுப்பப்பட்டு, வீட்டில் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று இருந்தது. பெற்றுக்கொண்ட அட்டையின் நகலும் இருந்தது. அதில் பெயர் இல்லை, பெருவிரல் ரேகை மட்டும். அதுவும் ரேகை மாதிரி இல்லை. மையை அப்பி வைத்தது போல ஒரு கறுப்பு.

அண்ணன் அட்டையில் இருந்த பழைய தேதியை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். அந்த மாதம் அவர் தோணியில் கொழும்பு போயிருந்தார். நான் இரண்டாவது பிள்ளை பெற்று அம்மா வீட்டு உள்ளறையில் கிடந்தேன். அப்போது என் வீட்டுக்காரரும் அந்த வீட்டிலேயே இருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. சங்கைத் தேடிக் கடலடிப் பாறையைத் தடவித் தடவிப் பத்து விரலிலும் ரேகை தேய்ந்தவர். அம்மாவை யார் நினைப்பார்கள்? அம்மா அந்த வருஷ முடிவிலேயே இறந்துபோயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார். அட்டை நகலை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார்.

"மாப்ளே, இந்த வெரல் ஆரு வெரலு?"

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரேக இல்லாதவன்லாம் களவாணின்னா, சங்கு குளிக்கிற அத்தன பேரையும் உள்ள தள்ளணும்லா மச்சான்."

"சிரிக்காதீரும். ரெண்டாவது மனு நேத்தே தபால்ல போயாச்சு. தங்கச்சி மாப்பிள்ள வாங்கியிருக்கலாம்னு ஒம்ம பேரப் போட்டு எழுதிட்டேன்."

"எம் பேரா? என்ன மச்சான் சொல்லுதீய?"

"வாங்கலன்னா வாங்கலன்னு சர்க்காருக்குச் சொல்லும்."

அண்ணன் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லு என்பது போல என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. எனக்கும் சந்தேகம் வந்தது. அண்ணன் பொய் சொல்லாதவர், சர்க்கார் தாளும் பொய் சொல்லாது, அப்படியானால் யார்? மறுநாள் அவர் வெளியே போனதும் அவர் பெட்டியைத் திறந்து தேடினேன். பாதித் தேடலில் திரும்பி வந்துவிட்டார். கோபிக்கவில்லை.

"அடியில பழைய வேட்டி ஒண்ணு கெடக்கு. அதையும் ஒதறிப் பாத்துக்கோ ஏளா" என்றார்.

அதன்பிறகு அவர் உறங்கினால் பார்ப்பேன், யாரோடாவது பேசினால் காது கொடுப்பேன். பழைய பித்தளை வாங்குகிறவன் தெருவில் போனால்கூட இவர் முகம் மாறுகிறதா என்று பார்த்திருக்கிறேன். அண்ணனை ஒரு கண்ணால், இவரை ஒரு கண்ணால் என்று இரண்டு பக்கமும் நம்பாமல் இருந்தேன்.

அந்தப் பருவத்தில் சங்கு குளிக்கப் போகும் அன்று அண்ணன் கரையில் நின்று, "கயித்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டார். கரையில் அத்தனை பேரும் கேட்டார்கள். கயிறு பிடிக்க வேறு இரண்டு பேர் முன்வந்தார்கள். என் வீட்டுக்காரர் முங்குவதற்குக் கட்டிய துணியை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் வந்துட்டீய?" என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணன் கையில இருந்தா கண்ண மூடி முங்குவேன். மத்தவன் கையில எப்பிடிக் குடுக்க?" என்றார்.

களவாணிப் பட்டம் கட்டியவர் கையைத்தான் அவர் அப்போதும் நம்பினார். அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. உப்பளத்தில் சுமை எடுத்தார். மூன்று வருஷத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அண்ணன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார், வீட்டுக்குள் வரவில்லை. அதற்குள் மூன்றாவது மனுவும் போயிருந்தது, மூன்றின் நகலும் பெட்டியில் இருந்தது. மூன்றிலும் என்ன எழுதினார் என்று மதினிதான் எனக்குச் சொல்வாள். சொல்ல வேண்டாம் என்றாலும் சொல்வாள்.

மறு வருஷம் ஆலந்தலையில் இருந்து, அங்கே கோவில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை ஆள் அனுப்பினார். அண்ணன் பதக்கம் தேடுவது கடற்கரை முழுக்கத் தெரிந்ததுதானே. மாதா சுரூபத்துக்குப் புதுக் கிரீடம் செய்ய வெள்ளி எடுப்பதற்காக, காணிக்கை கிடக்கும் நேர்ச்சைப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார்.

கோவில்பிள்ளை வயதானவர். பெட்டியை எங்கள் முன்னால் கவிழ்த்தார். "பாருங்க அண்ணாச்சி. கண்ணு, காலு, தோணி, தொட்டில்பிள்ள, எல்லாம் வெள்ளியில கெடக்கு. இந்த நாலு மட்டும் பேரு வெட்டிக் கெடக்கு. வாசியுங்க."

அண்ணன் வாசித்தார். அவர் பெயர், அவர் நம்பர்.

"ஆரு குடுத்தா?"

"வெள்ளச் சீல கட்டின அம்மா. திருநாளுக்கு வந்தவ. மகன் கப்பல்ல போய்ச் சம்பாதிச்சது, மொதப் பங்கு மாதாவுக்குன்னு சொன்னா. வேற ஒண்ணுஞ் சொல்லல."

எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் கிடைத்ததில் முதல் பங்கு கோவிலுக்கு. கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கொடுத்ததாக ஆகாது. கப்பற்படையில் இருந்து வந்த பொட்டலம் அம்மாவுக்குக் கடலில் இருந்து வந்த பங்குதான். கயிறு திரித்துத் தேய்ந்த பெருவிரலை அட்டையில் வைத்து வாங்கியிருக்கிறாள். பதக்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் இருப்பது மட்டும் தெரியும்.

கோவில்பிள்ளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் நாலையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மாதாவுக்குப் போனத எப்பிடித் திருப்பிக் கேக்க" என்று பெட்டியிலேயே வைத்துவிட்டார். அண்ணன் குணத்தில் நான் கண்ட பெரிய காரியம் இது. அதை நினைத்தால் மற்றதை எல்லாம் மன்னிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பஸ் ஏறியதும் எனக்குத் தோன்றியது வேறு. பதக்கம் கிடைத்துவிட்டது. மனுவில் இருக்கும் பெயர்?

திருச்செந்தூர் தாண்டியதும் அண்ணனே சொன்னார். "மாப்பிள்ள மேல குத்தமில்லன்னு எழுதிருதேன் ஏளா. பேர எடுத்துரச் சொல்லுதேன்."

ஒரு மாதம் கழித்துக் கோவில் வாசலில் பார்த்தபோது, "எழுதிப் போட்டாச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கொடிமரத்தைப் பார்த்துச் சொன்னார். நானும் கேட்கவில்லை. அதன்பின் என் பிள்ளைகளைப் படிக்கவைத்தது, மகள் கல்யாணத்துக்கு முன்னால் நின்றது, எனக்குக் கண் ஆப்பரேஷன் செய்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தது எல்லாம் அண்ணன்தான். ஆனாலும் அந்தக் கொடிமரம் என் மனதை விட்டுப் போகவில்லை.

கடைசி நாட்களில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. மதினியும் பிள்ளைகளும் பொறுமையாகப் பார்த்தார்கள். நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், அடுத்த வீட்டு நர்ஸ் அம்மாவுக்கும், சவப்பெட்டி தூக்கிய தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது. அண்ணன் ஆத்துமம் இளைப்பாறட்டும்.

அடக்கம் முடிந்து தகரப்பெட்டியைத் திறந்தோம். மூன்று மனுவின் நகலும் தேதி வாரியாக இருந்தன. நாலாவது இல்லை. டைப் கடையில் ஊரார் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டுக் கையாலேயே எழுதிப் போட்டிருக்கலாம். அப்படி நினைக்கத்தான் ஆசை. எழுதாமலே எனக்குச் சொல்லியிருக்கவும் கூடும். இத்தனை வருஷம் அண்ணன் சோற்றைத் தின்றுவிட்டு இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். இதை வேறு யாரிடம் கேட்பேன்?

ஆகையால் இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் இங்கிலீஷும் ஆபீஸ் காரியமும் தெரிந்த ஒருவர் எனக்கு உதவ வேண்டும். அண்ணனின் நம்பர் நகல்களில் இருக்கிறது, அண்ணன் மகன் தருவான். என் வீட்டுக்காரர் பெயர் அந்த ஆபீஸ் கட்டுக்குள் இன்னும் அப்படியே இருக்கிறதா, அடித்துவிட்டார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அடிக்கவில்லை என்றால், வாங்கியது எங்கள் அம்மா என்று எழுதித் தாருங்கள். தங்கை நான் கையெழுத்துப் போடுகிறேன்.