ஹெல்மெட் வைத்த மேசை

இன்று மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் நம்ம சாப்பாட்டுக் கடையில் ஒரு கூத்து.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், மேசையில் ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போன் பேச வெளியே போனான். ஆள் இல்லையே என்று அவன் பாதி தின்று தட்டில் வைத்திருந்த ரொட்டி சானாயைக் கொட்டிவிட்டு, வேறு ஆளை உட்கார வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவன் தலையில் கை வைத்தான்.

"அக்கா, இதே தப்பைப் பத்தித்தான் காலையிலிருந்து விளக்கம் எழுதுறேன்! கம்ப்யூட்டர் மெமரியை உங்க மேசை மாதிரி துண்டு துண்டாப் பிரிச்சிருக்கும், 'பக்கம்'னு பேரு; ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டு கணக்கு இருக்கு. எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒண்ணு, என் ஹெல்மெட் மாதிரி எத்தனை பேர் இடம் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு ஒண்ணு. ரெண்டாவது பூஜ்யமானாத்தான் காலி. பாஸ் புரியலைன்னு திருப்பித் திருப்பி அனுப்புறாரு."

"என் கடையை எழுதிப் போடு லா," என்றேன்.

போட்டான். பாஸ் ஒத்துக்கொண்டாராம்.

'இப்படிச் செய்யக் கூடாது' என்பதற்கு உதாரணம் நான்தானாம். பெருமைப்படவா, சண்டைக்குப் போகவா, நீங்களே சொல்லுங்க.