புளி மூட்டையில் வந்த மடக்குக் கத்தி

நேற்று மருமகள் வாங்கி வந்த புளிப் பாக்கெட்டில் தேடினாலும் ஒரு கொட்டை இல்லை. பிரித்ததும் அடித்த வாசனை மட்டும் பழசு. அது என்னைப் பாப்பாரப்பட்டி மண்டிக்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

எழுபதாம் வருசத்தை ஒட்டி அங்கே புளியில் கொட்டை எடுக்கிற வேலை எனக்கு. பக்கத்து மணையில் ஜமீலா அக்கா. அவருடைய தம்பி காசிம் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் வருசக்கணக்காகியிருந்தது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அக்கா அதைப் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

ஒரு நாள் நான் அவிழ்த்த மூட்டையிலிருந்து ஒரு மடக்குக் கத்தி விழுந்தது. கிளி மூக்கு மாதிரி வளைந்த அலகு. பிடியில் ஒரு பக்கம் வெள்ளை எலும்பு, மறுபக்கம் கறுப்புக் கொம்பு. அலகில் இங்கிலீஷ் எழுத்து வேறு. தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான், அதை எங்கே படிப்பது? ஒருத்தி பட்டாளத்துக் கத்தி என்றாள். இன்னொருத்தி கோலார் தங்கவயல் துரை பழம் நறுக்கியது என்றாள், கூட நின்று பார்த்தவள் போல.

அக்காவும் பார்க்கட்டும் என்று தரையில் வைத்தேன். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கம் கத்தியை அப்படிக் கொடுப்பதில்லை. அக்கா அதை எடுக்கவே இல்லை.

“எந்த ஊருக் கத்தியோ தெரியாது புள்ள. ஆனா அந்தக் கறுப்புப் பக்கம் எங்கம்மா கொம்புச் சீப்பு. கத்திப் பிடி ஒடஞ்சு போச்சுன்னு எங்கத்தா அதை அறுத்து வெச்சாரு. தம்பிக்கு நாந்தான் குடுத்தேன். கீழ வெக்காம கையிலயே குடுத்துட்டேன்.”

மூட்டையின் வாய் சணலால் அல்ல, கற்றாழை நாரால் தைத்திருந்தது. சித்தேரி மலைக்காரர்கள் தையல் என்று கண்டுபிடித்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, கத்தியையும் எடுத்துக்கொண்டு இருவரும் மலை பஸ் ஏறினோம். விசாரித்துப் போனால், புளிய மரத்தடியில் தாடியும் கோணி ஊசியுமாகக் காசிம். அக்காவைப் பார்த்து எழுந்தவன் முதலில் கேட்டது, “எங் கத்தி கெடச்சுதா?”

அக்கா அழுதுகொண்டே அதை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நான் தடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அவனும் எங்களோடு கிளம்பினான். பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஒரு கடுதாசி போட்டா கை ஒடிஞ்சுருமாடா?”

“போட்டா மட்டும் நீ படிச்சுக் கிழிச்சிருப்ப.”

மலை இறங்கும் வரை ஓயவில்லை. நடுவில் உட்கார்ந்த எனக்குக் காது வலித்தது. அக்காவின் முகமோ விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது.

மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்காவும் இல்லை, காசிமும் இல்லை. போன மாதம் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தருமபுரி வரும் வரை ஆளுக்கொரு வயரைக் காதில் செருகிக்கொண்டு வந்தார்கள். திட்டிக்கொள்ளக்கூட அவர்களுக்குள் ஒரு சொல் இல்லை.