கருப்பட்டிக்குப் பின்பாட்டுப் பாடியவள் நான்

கருப்பட்டி... அடியே கருப்பட்டி, போயிட்டியாமே.

நெஞ்சு வலி என்று நேற்றுக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாய். மத்தியானம் எல்லார் செல்லிலும் உன் போட்டோ, மாலை போட்டு.

யூடியூபில் கேட்பவர்களுக்கு நீ மேலூர் பேச்சியம்மாள். சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவள், யார் கெஞ்சினாலும் சினிமாப் பாட்டுப் பாடாதவள். எனக்குக் கருப்பட்டி. அந்தப் பெயரை வைத்ததே நான்தான். வேறு யாரும் அப்படிப் போட்டு எழுதாதீர்கள், ப்ளீஸ்.

நாற்று நடும்போது நீ ஒரு வரி கட்டுவாய், நான் வாங்கிப் பாடுவேன். பதினாறு வருஷம் உன் வரிக்குப் பின்னால் என் குரல்தான்.

கோயில் திருவிழாவில் உன் குவாரிப் பாட்டு வேண்டாம் என்று கமிட்டிக்காரர் வந்து நின்றார்.

"ஒரு வார்த்தைய மட்டும் மாத்திக்கத்தா. குவாரின்னு வேணாம், மலைன்னு பாடு."

"மலைய எங்கண்ணே விட்டு வச்சீக? இருந்தா பாட மாட்டேனா?"

மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். நீ மேடையை விட்டு இறங்கித் தரையில் நின்று பாடினாய். நானும் பக்கத்தில் நின்று பாடினேன். மறுநாள் ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது...

பிறகு வில்லாபுரத்தில் ஒரு ஸ்டுடியோ. பாட்டைப் பேப்பரில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். நான் படித்தது அஞ்சாவது. எழுத்துக் கூட்டுவதற்குள் மியூசிக் ஓடிவிட்டது. மூன்று தடவை.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

நித்யா என்று ஒரு காலேஜ் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பாடுவது தெரிந்தது. கேட்கவில்லை.

ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னதற்கு மேடையை விட்டு இறங்கியவள் நீ. என்னை மாற்றினபோது இறங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன்டி, நான் வேணாமா?"

"பாட்டு வெளிய வரணும்ல புள்ள..." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

அதற்கப்புறம் எல்லாப் பாட்டிலும் அவள்தான். நான் ஒன்றுக்கும் லைக் போடவில்லை.

இன்றைக்கு அவள் உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். "கூடப் பாடுற பொண்ணு, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கினார்கள். என்னை ஒரு தம்பி, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"கூட நாத்து நட்டவ."

ஆமாம், பொறாமைதான். அவள் நல்லாப் பாடுகிறாள், அதுதான் எரிகிறது. உன் முகத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்...

போன வாரம் வாட்ஸ்அப்பில் நாலு வரி பாடி அனுப்பியிருந்தாய். கோபத்தில் திறக்கவே இல்லை. உன்னை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்துதான் கேட்டேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் சும்மா விட்டிருக்கிறாய், வாங்கிப் பாட.

அடுப்படியில் நின்று நாலையும் வாங்கிப் பாடினேன். பேப்பர் இல்லாமல்.

போயிட்டு வாடி. இதை மட்டும் சொல்லிட்டுப் போ... அதை எனக்கு மட்டும்தான் அனுப்புனியா, அவளுக்கும் அனுப்புனியா?