நிறம் மட்டும் போதுமாம்

நடிக்க ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தால் யாரையுமே நம்பக் கூடாது. முக்கியமாக, "நாவல்ல இருக்கற மாதிரியே வேணும்" என்று சொல்கிற டைரக்டரை. கோயமுத்தூரில் இந்தத் தொழிலை வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து அல்லாடுகிற மக்களே, உங்களுக்கு இதொன்றும் புதுசில்லை. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்பு, ஆனால்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த ஒரு நாவலைப் படமாக எடுக்கிறோம் என்று சென்னையிலிருந்து டைரக்டர் கூப்பிட்டார். கதாநாயகி கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். ஓட்டக்காரி, நல்ல கருப்பு. அந்த நிறத்துக்காக அவள் படுகிற பாடுதான் கதையே. "உங்க ஊர்ப் பக்கமே ஒரு புதுமுகமா பாருங்க மேடம்" என்றார்.

அப்போதே எனக்கு உறுத்தியது. இவ்வளவு நல்லவராக எந்த டைரக்டரும் இருந்து நான் பார்த்ததில்லை. "கருப்புன்னா கருப்புதானுங்களே, அப்புறம் பேச்சு மாறக் கூடாதுங்க" என்று அழுத்திக் கேட்டேன். அவர் சொன்னார்: "கருப்புதான் மேடம். ஆனா கருப்புலயே கொஞ்சம் கலரா."

வாளித் தண்ணீர்

துடியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துத் தேர்வு வைத்தோம். என் வழக்கம் ஒன்று உண்டு. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிடுவேன். மூஞ்சியைக் கழுவாமல் எந்தப் பிள்ளையும் உள்ளே வரக் கூடாது. போனில் எடுத்த போட்டோவை நம்பி நான் பட்டது கொஞ்சமா நஞ்சமா! வழக்கமாகப் பவுடர் வழிந்து தண்ணீர் வெள்ளையாகும். இந்தத் தடவை பழுப்பாகிக்கொண்டே போனது.

எனக்குப் பொசுக்கென்று சந்தேகம். அவிநாசியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவின் பெண்ணை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கழுவச் சொன்னேன். எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு முகம் வெளியே வந்தது. கருப்புப் பிள்ளை வேண்டுமென்ற சேதி எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டிருக்கிறது. கேட்டால் அந்த அம்மா கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை: "ஒரு வாரமா மொட்டை வெயில்ல நிறுத்திப் பாத்துட்டேனுங்க, கருக்கவே மாட்டேங்கறா. நான் வேற என்னதானுங்க பண்றது?"

எந்தக் கோயிலுங்க?

சுகன்யா அன்று மத்தியானம்தான் வந்தாள். துடியலூர்ப் பெண். அப்பா டெம்போ ஓட்டுகிறார். கையில் அந்த நாவல், அட்டை பிய்ந்துபோய். நாவலில் சிநேகிதி கதாநாயகியோடு போட்டோ எடுத்துக்கொள்ள மறுக்கிற காட்சியைக் கொடுத்தோம். அழவே இல்லை. "பரவால்ல, நீங்க எடுங்க, நான் புடிச்சு எடுத்துத் தாரேன்" என்று சிரித்துக்கொண்டே போனுக்குக் கையை நீட்டினாள். இவளை விட்டால் வேறு ஆளே கிடையாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துபோட்டேன். எதையும் நம்பாத நானே.

படத்தில் பணம் போட்ட மில்லுக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ரொம்ப மரியாதைக்காரர். சின்னப் பிள்ளையைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "அம்மணி, உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?" என்றார் வாஞ்சையாக. எங்கள் பக்கத்தில் இது சாமியைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி இல்லை. குலதெய்வம் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். நேராகக் கேட்டால் மரியாதைக் குறைவு, பாருங்கள். சுகன்யா அவரை நிதானமாகப் பார்த்துச் சொன்னாள்: "ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு பிள்ளையார் கோயில் இருக்குதுங்க. அதுக்கும் பரீட்சை சமயத்துல மட்டும்தானுங்க போவேன்."

நடிப்பு எங்கே?

அதன்பிறகு டைரக்டரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சுகன்யா மட்டும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கதையில அவ என்னை மாதிரியேதானுங்க்கா இருக்கா. அப்ப என்னைத்தான எடுப்பாங்க?" என்பாள். முதல் தடவையாக ஒரு கதையில் தன்னைப் பார்த்த பிள்ளையிடம் என்னவென்று சொல்ல! "பொறு கண்ணு" என்று சொல்லிவைப்பேன். மில்லுக்காரர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கடைசியில் விளம்பரத்தில் நடிக்கிற ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். பால் நிறம். அவளுக்குக் கருப்பு மேக்கப் போடுவார்களாம். டைரக்டரிடம் சண்டைக்கே போனேன். மில்லுக்காரர் பேச்சா, லைட்டிங்கா, வியாபாரமா, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்: "கருப்புப் பொண்ணு கருப்பா வந்து நிக்கறதுல நடிப்பு எங்க மேடம் இருக்கு?"

கோபியில் ஒரு சின்ன உதவி

கோபியில் வயக்காட்டு ஓரமாகப் படப்பிடிப்பு. திடீரென்று டைரக்டர் போன்: "அந்தத் துடியலூர்ப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, ஒரு சின்ன ஹெல்ப்." என்ன உதவி என்று கேட்டால் மழுப்பினார். எனக்கு மனசே ஒப்பவில்லை. ஆனால் சுகன்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சின்ன வேஷமாவது இருக்கும் என்று, அவள் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

அங்கே போனால் வேஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெயிலில் அந்த விளம்பரப் பெண்ணின் மேக்கப் வழிந்து, காலையில் ஒரு நிறம், சாயந்திரம் ஒரு நிறமாகப் படத்தில் தெரிகிறதாம். மேக்கப்காரர் சுகன்யாவை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்து நிறத்தைக் கலக்க ஆரம்பித்தார். துணிக்கடையில் ஜாக்கெட்டுக்குத் துணி பொருத்திப் பார்ப்பார்களே, அப்படி. நான் வாயைத் திறப்பதற்குள் சுகன்யா கையை இழுத்துக்கொண்டாள். கண் நிறையத் தண்ணீர். ஆனால் குரல் பிசகவில்லை. எழுந்து நின்று, டைரக்டரைப் பார்த்து, எங்கள் ஊர் மரியாதை ஒரு துளி குறையாமல் சொன்னாள்: "என்ற நெறம் வேணும், நான் வேண்டாமுங்களா? அப்ப நானும் என்ற நெறமும் ரெண்டு பேருமே போயிட்டு வாரோமுங்க."

நாவலில் இருக்கிற மாதிரியே ஆள் வேண்டும் என்று எங்களைத் தேடச் சொல்வதே, எந்த ஆளை எடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தானோ என்பது இந்தத் தொழிலில் எனக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.