டொறத்தியின் சவர்க்காரங்கள்

கனடாவில், ஸ்காபரோவில் நான் பராமரிப்பு வேலைக்குப் போன வீட்டில், துவாய் அலுமாரியைச் சட்டென்று திறக்கக்கூடாது. திறந்தால் தலையில் குளிக்கிற சவர்க்காரம் விழும். எல்லாம் உறை கழற்றி, காற்றுப் படும்படி அடுக்கிய கட்டிகள். காய்ந்த சவர்க்காரம் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊரிலிருந்து வாசிப்பவர்கள் சிரிக்க வேண்டாம், அஜின்கோர்ட்டில் என் வீட்டு பேஸ்மென்ற்றிலும் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரி டொறத்திக்கு நூறு வயது நெருங்குகிறது. டிட்ரோயிற்றில் பிறந்து, கனடாக்காரனைக் கட்டி இங்கே வந்தவர். அவரைக் குளிப்பாட்டுவதும் சாப்பாடு, மருந்து கொடுப்பதும் என் வேலை. மிச்ச நேரமெல்லாம் அவர் கதைப்பார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கார்த் தொழிற்சாலை தகப்பனை வேலையால் நிறுத்திவிட்டதாம். இலவச சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது, தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களென்று அந்த மனிதர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாராம். பிறகு அரசாங்கம் றோட்டுப் போடும் வேலை கொடுத்தது. அதற்கும் பிறகு உலக யுத்தம் வந்தது, தொழிற்சாலை டாங்கி செய்யத் தொடங்கியது.

"யுத்தம் வந்த பிறகுதான் வயிறு நிறையச் சாப்பிட்டோம். யுத்தம் எங்களைக் காப்பாற்றியது" என்றார் ஒருநாள், தேநீர் குடித்தபடி.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. என் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தேன். "எங்களை அது காப்பாத்தேல்லை" என்று தமிழிலேயே சொன்னேன். தேநீர் சுட்டுவிட்டதா என்று கேட்டார், பாவம்.

எங்கள் யுத்தத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது சவர்க்காரம் வராது, பற்றரி வராது, மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தில் விளக்கில் படித்தோம். டொறத்தியின் யுத்தத்திலும் சீனிக்கும் டயருக்கும் பங்கீடுதான். பொரித்த பன்றிக் கொழுப்பைத் தகர ரின்னில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுப்பார்களாம், வெடிமருந்து செய்ய. ஆனால் அவர்களுக்கு அவர்களுடைய அரசாங்கம் கொஞ்சமாக எடு என்றது. எங்களுக்கு எங்கள் அரசாங்கம் எடுக்கவே கூடாது என்றது. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சவர்க்காரம் அடுக்குகிறோம்.

பிறகு ஒருநாள், அமெரிக்கா வரி போடுகிறது, கனடா பதில் வரி போடுகிறது என்று தொலைக்காட்சி அலறத் தொடங்கியது. "மறுபடி தொடங்கிவிட்டார்கள். சீனி வாங்கு, சவர்க்காரம் வாங்கு" என்றார் டொறத்தி. வேறு ஒருத்தி அந்த வேலையில் இருந்திருந்தால் தொலைக்காட்சியை நிற்பாட்டியிருப்பாள். நான் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவருக்கு வாங்கினேன், எனக்கும் வாங்கினேன். அலுமாரி நிரம்பியதும் அவருடைய பேஸ்மென்ற் படிகளில் இரண்டு பக்கமும் அடுக்கினேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் நல்ல சந்தோஷம்.

வன்கூவரிலிருந்து வந்த டொறத்தியின் மகள் லிண்டா அந்தப் படிகளைப் பார்த்துவிட்டு, யார் வாங்கியது என்று கேட்டாள். நான்தான் என்றேன். ஏன் என்றாள். தேவைப்பட்டால் என்றேன். அம்மாவுக்கு மூளை தடுமாறுகிறது, இந்தப் படியில் விழுந்தால் யார் பார்ப்பது, இனித் தனியே விட முடியாது என்றாள். டொறத்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். இது வழக்கம்தான் என்று அவளுக்குச் சொல்லு என்றார். சொன்னேன். என் வீட்டிலும் இப்படித்தான் என்றேன். லிண்டா தாயைப் பார்த்த அதே பார்வையால் என்னையும் பார்த்தாள். அத்தோடு கதை முடிந்தது.

டொறத்தியை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்த சவர்க்காரத்தை எல்லாம் எறியச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை, காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகள் மிதுலா பேஸ்மென்ற் வாசலில் நின்றாள்.

"அம்மா, திஸ் இஸ் நொட் நோமல். கடை பக்கத்திலதானே இருக்கு."

"ஓமடி, பக்கத்திலதான்."

"அப்ப உதுகளை எறியுங்கோவன்."

ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன். அவள் மேலே போய்விட்டாள்.

போன ஞாயிறு டொறத்தியைப் பார்க்கப் போனேன். அங்கே சவர்க்காரக் கட்டி கிடையாது, சுவரில் பூட்டிய திரவம்தான். கதவைத் திறக்கவும் இலக்கம் அழுத்த வேண்டும், அது அவருக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் எடுத்த சீனிப் பைக்கற்றுகளை என் கைக்குள் பொத்தினார். இங்கே சோதிக்கிறார்கள், உன் வீட்டில் வை, உன்னிடம் இடம் இருக்கிறது என்றார். நான் இலக்கத்தை அழுத்தி வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினார்.

வீட்டுக்கு வந்து சீனியை என் பேஸ்மென்ற் தட்டில், சவர்க்காரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய சவர்க்காரம் எது, என்னுடையது எது என்று இப்போது எனக்கே தெரியாது. காயாத பக்கங்களைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கும்போது, மேலே மிதுலா தமையனோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது. குரலைத் தணித்துத்தான் பேசினாள்.

"அண்ணா, வீ நீட் டு டோக் அபவுட் அம்மா."

நான் மேலே போகவில்லை. மிச்சக் கட்டிகளையும் திருப்பி வைத்தேன்.