இஜாஸ் பாயின் டூயல் கோர்

கும்மிடிப்பூண்டி பஜாரில், ஸ்டேஷனுக்குத் திரும்பும் முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இஜாஸுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அவர் குடும்பம் பழவேற்காட்டில் ஜவுளி விற்ற குடும்பம். வாடிக்கைக்காரர் பச்சை என்றால் பச்சை, மஞ்சள் என்றால் மஞ்சள் என்று எடுத்துப் போட்டுப் பிழைத்தவர்கள். இவர் மட்டும் "பச்சை உங்களுக்கு எடுக்காதுங்க" என்று சொல்லுகிற ரகம். எட்டு வருஷமாகக் கடை நடத்துகிறார். "எது நல்லது பாய்?" என்று கேட்காத ஆளில்லை. கேட்டுவிட்டு அவர் சொன்னதை வாங்கின ஆளும் இல்லை. இந்த பிரிண்டர் வேண்டாம், மையைக் குடிக்கும் என்பார். அதையேதான் தூக்கிக்கொண்டு போவார்கள். மூன்றாவது மாதம் மையைக் குடிக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள்.

ஒருத்தன், வாழ்க்கையில் ஒரே ஒருத்தனாவது, தன் பேச்சை நம்பி ஒரு பொருள் வாங்கமாட்டானா என்பதுதான் இஜாஸின் ஏக்கம். மனைவி உமைராவிடம் சொன்னால், "ஊட்ல நானே கேக்கறதில்ல, ஊரா கேக்கப் போவுது?" என்று சிரிப்பாள்.

2008 பொங்கல் முடிந்த கையோடு, பெரியபாளையத்தை ஒட்டிய ஆரணிப் பக்கத்திலிருந்து பூவராகவன் வந்தார். ஏழு ஏக்கர் நெல் வயல், எதையும் லேசில் நம்பாத முகம். கூடவே மகன் சரவணகுமார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை, லீவு நாளில் கம்ப்யூட்டர் கேம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வாங்கப்போவது அவன் சம்பளத்தில்தான். ஆனால் அப்பா தலையாட்டாமல் அந்த வீட்டுக்குள் ஒரு துடைப்பம்கூட நுழையாது.

"நாலு கோர் போட்டது குடு பாய்," என்றார் பூவராகவன். "குவாட் கோராமே. சம்பந்தி சொன்னாரு."

"எதுக்குங்கய்யா?"

"இன்னா கேள்வி இது? பையன் கேம் ஆடத்தான்."

"கேமுக்குன்னா டூயல் கோரே போதும்." இஜாஸ் விளக்க ஆரம்பித்தார். "கோர்னா உள்ள வேலை செய்யற ஆளுன்னு வெச்சிக்கங்க. இதுல ரெண்டு பேரு, ஆனா வேகமா ஓடுவானுங்க. அதுல நாலு பேரு, கொஞ்சம் மந்தம். இப்ப வர்ற கேமுங்க ரெண்டு பேருக்கு மேல வேலையே குடுக்கறதில்ல. மிச்சம் ரெண்டு பேரும் சும்மா குந்திக்கினு இருப்பானுங்க. வெலையும் இதுதான் கம்மி."

பூவராகவன் தாடையைத் தடவினார். "நாத்து நட ரெண்டு பேர் வந்தா பொழுது சாஞ்சாலும் முடியாது. நாலு பேர் வந்தா மத்தியானமே கரையேறிடலாம்."

"இது நடவு இல்லைங்கய்யா. ஒத்தையடி வரப்பு. முன்னால போறவன் வேகமாப் போனாத்தான் உண்டு. பின்னால எத்தினி பேர் நின்னு இன்னா பிரயோஜனம்?"

பூவராகவன் பெரிதாகத் தலையாட்டினார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று இஜாஸ் மூச்சு விடுவதற்குள், "யோசிச்சு வரோம்" என்று எழுந்துவிட்டார்.

யோசித்துக்கொண்டு அடுத்த வாரம் வந்தார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் மச்சான் நாலுதான் என்று சொல்லிவிட்டாராம். அதற்கடுத்த வாரம் டிவி மெக்கானிக் ஒருவர் சொல்லிவிட்டார். அதற்கும் அடுத்த வாரம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த, பேர்கூடத் தெரியாத ஒரு ஆள் சொல்லிவிட்டார். பேர் தெரியாதவனை நம்புகிற மனுஷன், ஒரு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற தன்னை நம்பவில்லையே என்று இஜாஸ் உமைராவிடம் புலம்பினார்.

ஐந்தாவது முறை பூவராகவன் வந்தபோது இஜாஸ் இரண்டு மிஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கார் ரேஸ் கேமை இரண்டிலும் ஓட்டிக் காட்டினார். டூயல் கோரில் கார் வழுக்கிக்கொண்டு போனது. குவாட் கோரில் திருப்பத்துக்குத் திருப்பம் லேசாக இழுத்தது. சரவணகுமார் கண் கொட்டாமல் பார்த்தான். பூவராகவன் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல காத்தாடி சின்னதா கீதே?" என்றார்.

இஜாஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஐயா, வெலை ஜாஸ்தியானதை வேணாம், கம்மியானதை வாங்குங்கன்னு எந்த வியாபாரியாவது சொல்லுவானா? நான் சொல்றேனே!"

"அதான் பாய் எனக்கு இடிக்குது. கம்மி வெலை சரக்கை ஒருத்தன் இந்தத் தள்ளு தள்றான்னா, அது விக்காத சரக்குன்னு அர்த்தம்." பூவராகவன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நீ பேஜாராவாதே. பெரியபாளையத்துல பூ கட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

அந்த வீட்டில் பெண் கொடுப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை எல்லாம் அப்படித்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். வருகிற யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் அம்மன் வாக்கு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு பூவராகவன் கடையேறினார். "வெள்ளை வந்துச்சு. ரெண்டு போதும்னு அம்மா சொல்லிட்டா. எடு அந்த டூயல் கோரை!"

இஜாஸுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். அடுத்த நிமிஷமே பற்றிக்கொண்டு வந்தது. "இதைத்தானேய்யா நான் ஒரு மாசமா சொல்லிக்கினு கீறேன்!"

"நீயும் சொன்னே, யாரு இல்லன்னா? ஆனா அம்மா சொல்றது வேற இல்ல?" என்றார் பூவராகவன். சரவணகுமார் அப்பா பக்கம் திரும்பாமல் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

கேம் சும்மா பறந்தது. அதோடு விட்டதா? அம்மன் சொன்ன கம்ப்யூட்டர் என்று ஊரெல்லாம் பேச்சாகி, இன்னும் மூன்று பேர் பூ கட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருத்தருக்குச் சிவப்பு வந்துவிட்டது. ஜாதகம் டைப் அடிக்கிற அந்த மனுஷனுக்கு இஜாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு குவாட் கோர் மாட்டிக் கொடுத்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து சரவணகுமார் போன் செய்தான். புதிதாக வந்திருக்கும் ஒரு கேம் திக்கித் திக்கி ஓடுகிறதாம். வைரஸாக இருக்கும் என்று நினைத்து இஜாஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஆரணிப் பக்கம் போனார். கேமை ஓடவிட்டுப் பார்த்தார். வைரஸும் இல்லை, தூசியும் இல்லை. உள்ளே ரெண்டு ஆளும் நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேம் நாலு பேருக்கு வேலை வைத்திருந்தது. அன்றைக்கு விற்ற கேம்களை மட்டும் பார்த்துவிட்டு, நாளைக்கு வரப்போவதை யோசிக்காமல் அடித்துச் சொன்னது தான்தான் என்று அவருக்கு உறைத்தது. காது மடல் சுட்டது.

"ஐயா, நான் சொன்னது தப்பாப் போச்சு. நாலு கோரே வாங்கியிருக்கணும்," என்றார்.

"நீ இன்னா பண்ணுவே பாய்? அம்மா சொன்னது. நான்தான் சரியாக் கேக்கல. இப்போதைக்கு எதுன்னு கேட்டுட்டேன், பின்னாடிக்கும் சேத்து கேட்டிருக்கணும்."

"அம்மாவை ஏங்கய்யா இழுக்கறீங்க? நான் சொன்னேன்! ஒரு மாசம் கத்தினேன்! தப்பு என்னோடது!"

"சேச்சே, உம்மேல நான் பழி போடுவனா? குந்து, மோர் எடுத்தாறச் சொல்றேன்," என்று முதுகில் தட்டிவிட்டு அவர் உள்ளே போனார். சரியாகச் சொன்னபோதுதான் பேர் கிடைக்கவில்லை, செய்த தப்பைக்கூடத் தன்னது என்று ஒத்துக்கொள்ள ஆளில்லையா என்று இஜாஸுக்கு ஆத்திரமாக வந்தது.

சரவணகுமார் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டான்.

"அண்ணா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னிக்குப் பொட்டலம் கட்டினது நான். ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சேன். எடுக்காத பொட்டலத்தை அப்பா பிரிக்கறதுக்கு முன்னாடி ஆத்துல விட்டுட்டேன்."

"ஏம்பா?"

"நீங்கதான் சொன்னீங்களேண்ணா, ரெண்டு போதும்னு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு." அவன் குரல் இறங்கியது. "இது ஓடாமப் போனதுலேர்ந்து தூக்கமே இல்ல. அம்மாவை ஏமாத்தினேன்ல, அதுக்குத் தண்டனையா இது?"

இத்தனை வருஷமாக இஜாஸ் தேடின அந்த ஒருத்தன் இவன்தான். சாமியையே ஏமாற்றுகிற அளவுக்குத் தன்னை நம்பியிருக்கிறான். அவனுக்குப் போய்த் தவறான பொருளை விற்றிருக்கிறோம்.

"தண்டனையும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா," என்றார். "நான் சொன்னது தப்பு. அவ்ளோதான்."

"நெசமாவாண்ணா?"

"நெசமா."

சரவணகுமார் நீளமாக ஒரு மூச்சு விட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை, யாரையும் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அப்படியே நம்பிவிட்டான்.